கூத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம்

நான் வேலை செய்த அலுவலகத்தில் ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் சேவைக்காலத்து இனிய நினைவுகளை இரண்டு பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்று இப்போது அங்கே இருக்கும் ஒரு பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். இனிய நினைவு என்று ஒன்றும் என்னிடம் இல்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவள்தான் இன்னொரு செய்தியும் சொன்னாள். கரையோரக் கிராமங்களில் திறந்தவெளியில் பழைய கூத்துகளை மேடையேற்றி, கூத்துக்கு முன்னால் ஓர் அறிஞரைக் கொண்டு விளக்கவுரை ஆற்றுவிக்கும் திட்டம் மறுபடி வரப்போகிறதாம். இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் தேவையில்லையாம். அறிஞர் சிங்களத்தில் பேசப் பேச, மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரையில் தமிழ் எழுத்து ஓடுமாம். அந்த விளக்கவுரைகளுக்கு அதுதான் பொருத்தம். திரைக்கு வெட்கம் வராது. கூட்டத்தின் முகத்தையும் அது பார்க்கத் தேவையில்லை.

தொலைபேசியை வைக்கும்போது அந்தப் பிள்ளை ஒன்று கேட்டாள். பேசுகிறவர் பிழையாகச் சொன்னால் நாங்கள் என்ன செய்யவேண்டும், மிஸ்? அதற்குப் பதில் இரண்டு பக்கத்தில் அடங்காது. அதனால் மலருக்குக் கொடுக்காமல் இதைத் தனியாக எழுதுகிறேன்.

என் பெயர் நஸீமா. ஊர் புத்தளம். வாப்பா உப்பளத்தில் கங்காணியாக இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டைபிடித்துச் சிங்களம் படித்தேன். பிறகு பரீட்சை எழுதி அரச மொழிபெயர்ப்பாளரானேன். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள். அதில் கலைச்சொல் பட்டியல் ஒன்றும், மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை நல்லது என்ற தகவலும் எனக்குக் கிடைத்தன. வேலையைப் படித்தது ஜவ்பர் சேரிடம்.

ஜவ்பர் சேர் எங்கள் பிரிவின் தலைவர். காலை எட்டேகாலுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் மேசையைத் துடைத்து, அந்த லேஞ்சியை நாலாக மடித்து மேசையின் வலது மூலையில் வைப்பார். அது அங்கே இருந்தால் அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் மொழிபெயர்த்த தாளை வாங்கி, மூலத்தின் மேல் அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வாசிப்பார். விட்ட சொல்லுக்கு ஒரு வட்டம், கூட்டிய சொல்லுக்கு ஒரு புள்ளடி, மாற்றிய சொல்லுக்கு ஒரு கோடு. வேறு எதுவும் எழுதமாட்டார். நல்லது என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்கவில்லை. தாளில் ஒன்றுமே இல்லாமல் திரும்பி வந்தால் அன்று வீட்டுக்குப் போகும்போது பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போவேன்.

காகிதத்தில் செய்யும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பகை கூட்டங்கள்தான். கொழும்பிலிருந்து ஒருவர் வருவார். எங்கள் மக்களுக்கு எதையாவது விளக்குவார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டும். அதற்கு ஜவ்பர் சேர் வைத்திருந்த முறை இது. பேச்சாளரை அரை மணித்தியாலம் முன்னதாகச் சந்தித்து, பேச்சின் எழுத்துப் பிரதியைக் கேட்கவேண்டும். தரமாட்டார்; ஆனாலும் கேட்டதைக் குறித்து வைக்கவேண்டும். கொப்பியின் பக்கத்தை நடுவே ஒரு கோட்டால் பிரித்து, இடப்பக்கம் அவர் சொன்னதைச் சுருக்கமாகவும், பெயர்களையும் எண்களையும் முழுதாகவும் எழுதவேண்டும். அவருக்கு இடப்புறம் ஒரு அடி பின்னால் நிற்கவேண்டும். மூன்று வசனத்துக்கு மேல் போனால் கையை முழங்கை உயரத்துக்கு உயர்த்தி நிறுத்தவேண்டும். அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒருக்காலும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் நாம் பழியிலிருந்து ஒதுங்கி நிற்கப் பார்க்கிறோம் என்று அர்த்தம் என்பார்.

இந்தக் கடைசி விதியின் கஷ்டம் எலுவன்குளத்தில் விளங்கியது. காட்டோரக் கிராமம். அந்தப் போகத்தில் யானை வயலுக்குள் இறங்கி இரண்டு வீட்டை உடைத்திருந்தது. அறிவூட்ட வந்த அதிகாரி, யானை ஒரு சாதுவான பிராணி என்றும், அதைக் கண்டால் பதற்றப்படாமல் மெதுவாகப் பக்கவாட்டில் விலகவேண்டும் என்றும் சொன்னார். நானும் 'நான்' என்று தொடங்கி, யானை சாதுவான பிராணி என்று சொன்னேன். முன்னால் கையில் கட்டோடு இருந்த ஒரு விவசாயி என்னைப் பார்த்து, அதை யானைக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கள் என்றார். கூட்டம் முழுதும் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மனதுக்குள் ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் இப்படி ஒரு முட்டாள்தனம் வந்தால் அதைக் கொஞ்சம் தட்டி நேராக்கித்தான் தமிழில் வைப்பேன். ஜவ்பர் சேருக்குச் சொல்லவில்லை. பல வருடம் அதைச் செய்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது அந்தக் கூத்துத் திட்டம்.

கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவக் கிராமம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் ஒரு நாடகம் இருந்தது. தோணியரசி நாடகம் என்பார்கள். மந்திரியின் பொய்யை நம்பி ராசா தன் அரசியைத் துடுப்பில்லாத தோணியில் ஏற்றிக் கடலில் விட்டுவிடுகிறார். தோணி ஒரு கரையில் ஒதுங்குகிறது. மீனவர்கள் அவளைத் தூக்கியெடுத்து வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு உண்மை தெரிந்த ராசா தேடி வந்து சேர்கிறார். இவ்வளவுதான் கதை. இதை மூன்று இடங்களில் ஆடவேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஆட்டத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற ஓர் அறிஞர் விளக்கம் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அந்தக் கலாநிதிக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் மொழிபெயர்த்த பிரதி ஒன்றை வாசித்துத்தான் அந்த நாடகத்துக்கு அறிஞர் ஆகியிருந்தார். இதை அவர் இனத்தைச் சொல்லிக் குறை கூறுவதாக எடுக்கவேண்டாம். தமிழில் பேசவந்த அறிஞர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சும் ஊராருக்கு விளங்காது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாததால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் வண்ணாத்திவில்லில், ஒரு விளையாட்டு மைதானத்தில். நாலரைக்குப் பேச்சு என்று போட்டிருந்தார்கள். கலாநிதி ஐந்தேகாலுக்கு ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார். அதுவரை நடிகர்கள் முகத்தில் வெள்ளைப் பூச்சோடும் தலையில் மணிமுடியோடும் வெயிலில் நின்றார்கள். அரசி வேடம் போட்டவர் ஐஸ் தொழிற்சாலையில் வேலைசெய்யும் அந்தோனி என்பவர். பூச்சு வழிந்து அவர் சட்டைக் கழுத்தில் இறங்கியிருந்தது. நான் போய்ப் பிரதியைக் கேட்டேன். தான் எழுதி வைத்துப் பேசுவதில்லை, உள்ளத்திலிருந்து பேசுவதுதான் வழக்கம் என்றார். கேட்டதைக் குறித்துக்கொண்டேன்.

உள்ளத்திலிருந்து வந்த பேச்சு கிரேக்கத்தில் தொடங்கியது. அங்கிருந்து இலங்கைக்கு வர அவருக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. பிறகு தோணியரசியின் கதையை முடிவு உட்பட முழுதாகச் சொன்னார். ராசாவும் அரசியும் சேரும் கடைசிக் கட்டம்தான் நாடகத்தின் மகுடம் என்றார். அரசியைக் கடலில் விடுகிறார்கள், அடுத்த காட்சியில் அவள் ராசாவின் முன் நிற்கிறாள், இடையில் புலவர் ஒன்றுமே சொல்லவில்லை, அது ஓர் ஆழ்ந்த மௌனம், இப்படி ஒரு மௌனத்தை உலக நாடகத்திலேயே அரிதாகத்தான் காணலாம் என்றார். நான் எழுதிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு சொன்னது இது. இவர்கள் இன்று ஆடப்போகும் மீனவர் காட்சி மூலத்தில் இல்லை. படிப்பறிவில்லாத மீனவர்கள், அந்த மௌனத்தை விளங்கிக்கொள்ளும் தகுதி இல்லாமல், தங்கள் சட்டியையும் வலையையும் ஓர் உயர்ந்த நாடகத்துக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இந்த அழுக்கை நீக்கவேண்டும். அரச உதவி பெறும் குழுக்கள் அடுத்த வருடத்திலிருந்து தூய பாடத்தையே ஆடவேண்டும் என்று நான் சிபாரிசு செய்யப்போகிறேன்.

இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். என் இடப்பக்கக் குறிப்பில் சட்டி, வலை, தகுதி இல்லை, அழுக்கு என்ற நாலு சொல்லும் இருந்தன. வலது பக்கத்தில் நடிகர்கள் நின்றார்கள். நான் ஒலிவாங்கியில் இப்படிச் சொன்னேன்: "மீனவர் காட்சியில் இந்த மக்கள் தங்கள் சொந்த வாழ்க்கையையும் அழகாகச் சேர்த்திருக்கிறார்கள். இதுபற்றி இன்னும் ஆராயவேண்டும் என்று நினைக்கிறேன்."

ஒரு விஷயத்தை அப்போதே கவனித்தேன், ஆனால் விளங்கவில்லை. கூட்டம் அமைதியானது என் தமிழுக்குப் பிறகு அல்ல. அவர் சிங்களத்தை முடித்த உடனேயே அமைதியாகிவிட்டது. நான் பேசும்போது முன்வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

பேச்சு முடிந்தது. கலாநிதி பொன்னாடையை வாங்கிக்கொண்டு, பிளேன்டீயைக் குடித்துவிட்டு, ஆட்டம் தொடங்க முன்னரே வானில் ஏறிப் போய்விட்டார்.

நான் மைதானத்து மூலையில் பைப்பில் தண்ணீர் குடிக்கப் போனேன். அங்கே சவிரியான் அண்ணாவியார் நின்றார். அந்தக் கூத்தைப் பழக்கி, மேடையோரம் நின்று தாளம் போட்டுப் பாடி நடத்துகிறவர் அவர். அறுபது வயதிருக்கும். கடலுக்குப் போகிற ஆள். கோபமாகத் தெரியவில்லை. களைத்தவராகத் தெரிந்தார்.

"மிஸ், நான் நீர்கொழும்புச் சந்தையில முப்பது வருசம் மீன் வித்தவன்," என்றார். "அவர் சொன்னது ஒரு சொல்லு விடாம எனக்கு வெளங்கிச்சு. அங்க இருந்த எல்லாருக்கும் வெளங்கிச்சு."

எனக்குக் காது சூடாகியது. அவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன்.

"அவர் சிங்களத்தில ஏசினார். நீங்க தமிழில மாலை போட்டீங்க. இப்ப தமிழில அவர் எங்களப் பத்திப் பிழையா ஒண்டுமே சொல்லல்ல. அப்ப நான் எழும்பி எதுக்குப் பதில் சொல்லுறது?"

மீனவர் காட்சியில் இருபத்திரண்டு பேர் மேடையேறுகிறார்கள், எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் அதில் இருக்கிறது, அதை வெட்டினால் மிஞ்சுவது ராசாவும் மந்திரியும்தான், அவர்களைப் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் கேட்டார்: "எங்கட ஊருக்கும் நீங்கதானே வாறீங்க?"

"ஓம்."

"அங்க அவர் சொல்லுறத அப்பிடியே சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கொள்ளுறன்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். உதவி செய்தவளைப் பிடித்து ஏசுகிறாரே என்று இரண்டு நாள் முனகிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. சிங்களம் தெரிந்த மனிதர்கள் முன்னால் நின்று, அவர்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நானே முடிவுகட்டி, அவர்களுக்காக ஒரு பொய்யைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். கலாநிதி அவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று வாயால் சொன்னார். நான் அதைச் செய்தே காட்டியிருக்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர்களுடைய ஊரில் இரண்டாவது ஆட்டம். கோயில் வளவில் கடலுக்கு முதுகு காட்டி மேடை. காற்றுக்கு ஒலிவாங்கி இரைந்துகொண்டேயிருந்தது. மணலில் பாய் போட்டு ஊர் முழுதும் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த விருந்தினருக்கு மட்டும் முன்னால் கதிரை. கலாநிதி உள்ளத்திலிருந்து மறுபடி பேசினார். கிரேக்கத்திலிருந்து மௌனம் வரை, இடையில் விடும் பெருமூச்சு வரை, வண்ணாத்திவில்லில் பேசிய அதே பேச்சு.

மீனவர் காட்சிக்கு வந்தார். சொன்னார். திரும்பினார்.

கொப்பியைப் பார்த்து அப்படியே சொன்னேன். "படிப்பறிவில்லாத மீனவர்கள், அந்த மௌனத்தை விளங்கிக்கொள்ளும் தகுதி இல்லாமல், தங்கள் சட்டியையும் வலையையும் ஓர் உயர்ந்த நாடகத்துக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இந்த அழுக்கை நீக்கவேண்டும். அரச உதவி பெறும் குழுக்கள் அடுத்த வருடத்திலிருந்து தூய பாடத்தையே ஆடவேண்டும் என்று நான் சிபாரிசு செய்யப்போகிறேன்." நான் என்றேன். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கவில்லை. பாயில் இருந்த ஒரு பெண் தன் மடியில் இருந்த பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

பேச்சு முடிந்ததும் சவிரியான் அண்ணாவியார் எழுந்து நின்றார். கேள்விகளுக்கு நேரமில்லை என்று ஏற்பாட்டு அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். கலாநிதிதான் பெருந்தன்மையாகக் கையை அசைத்து, கேட்கட்டும் என்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பார்.

அண்ணாவியார் சிங்களத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தமிழில், ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, எனக்கு எழுத நேரம் கொடுத்துக் கேட்டார்.

"ஐயா, அரசியத் துடுப்பில்லாத தோணியில ஏத்திக் கடல்ல விடுறாங்க. நீங்க வாசிச்சதில அது இருக்கா?"

சிங்களத்தில் சொன்னேன். இருக்கிறது என்றார்.

"கடைசியில ராசாவும் அரசியும் சேருறாங்க. அது இருக்கா?"

இருக்கிறது, அதுதான் நாடகத்தின் மகுடம் என்றார்.

"அப்ப நடுவில அவவக் கரையில இழுத்தெடுத்தது ஆர்?"

பாய்களிலிருந்து சிரிப்பு எழும்பியது. அது அடங்கும்வரை காத்திருந்து சிங்களத்தில் கேட்டேன். கலாநிதி திரும்பிக் கடலைப் பார்த்தார். அது பார்வையாளரின் கற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது என்றார். அதையும் அப்படியே சொன்னேன். இப்போது கதிரையில் இருந்த விருந்தினரில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணாவியார் சிரிக்கவில்லை.

"நாங்க கடல்ல ஆக்கள இழுத்திருக்கிறம், ஐயா. உசிரோடயும் இழுத்திருக்கிறம், மய்யித்தாவும் இழுத்திருக்கிறம். அதக் கற்பனைக்கு விட்டா அவ செத்திருவா. செத்தவவோட ராசா எப்பிடிச் சேருறது?"

மய்யித்து என்று எங்கள் ஆட்கள் பிரேதத்துக்குச் சொல்லும் சொல்லை அவர் எடுத்தது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். சிங்களத்தில் சொன்னேன். கலாநிதி ஏற்பாட்டு அதிகாரியைப் பார்த்தார்.

"ஐயா நாடகத்த ஒருக்காவாவது முழுசாப் பாத்திருக்கிறீங்களா?"

ஏற்பாட்டு அதிகாரி எனக்கு எதிரே நின்று, கையைக் கீழே அமர்த்தி, விட்டுவிடு என்று சைகை காட்டினார். மேலதிகாரி ஒருவரின் சைகை அது. வண்ணாத்திவில்லில் என்றால் நான் வேறொரு கேள்வியை அந்த நிமிடத்திலேயே தைத்துக் கொடுத்திருப்பேன். தாங்கள் எங்கள் நாடகத்தை முழுமையாகக் கண்டு மகிழவேண்டும் என்று. வாயில் வந்துவிட்டது. விழுங்கினேன். நாடகத்தை ஒருமுறையாவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா என்று, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் விடாமல், சிங்களத்தில் கேட்டேன்.

கலாநிதி அண்ணாவியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கேள்வியை நான்தான் கேட்டேன் என்பதுபோல. "வாசித்திருக்கிறேன்," என்றார்.

"வாசித்திருக்கிறேன்," என்றேன் நான், ஊரைப் பார்த்து.

"அப்ப இண்டைக்கு இருந்து பாருங்க," என்றார் அண்ணாவியார். யாரோ ஒரு கதிரையை மேடைக்கு நேரே கொண்டுவந்து வைத்தார்கள். இருநூறு கண் பார்க்கும்போது கலாநிதியால் வானுக்கு நடக்க முடியவில்லை. உட்கார்ந்தார்.

நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். ராசா வந்தார், மந்திரி வந்தார், பொய் சொன்னார். அந்தோனி அரசியாக வந்து அழுதார். நன்றாகவே அழுதார். தோணியை இரண்டு பேர் மேடைக்குத் தூக்கிவந்தபோது கலாநிதி கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பினார். அது அடிக்கவில்லை. பக்கவாட்டில் மெதுவாக விலகிப் போனார். அரசி கடலில் இறங்கும்போது வான் புறப்பட்ட சத்தம் கேட்டது. பாட்டோடு பாட்டாக ஊர் அதைக் கேட்டது. மீனவர் காட்சியை அவர் அன்றும் பார்க்கவில்லை.

பத்து நாளில் கலாநிதியிடமிருந்து முறைப்பாடு வந்தது. மொழிபெயர்ப்பாளர் அவமதிப்பான தொனியில் பேசிப் பார்வையாளரைத் தூண்டிவிட்டார் என்று இரண்டு பக்கம். என்னிடம் விளக்கம் கேட்கும்படி மேலிடத்திலிருந்து குறிப்பு. ஜவ்பர் சேர் அதை வாசித்துவிட்டு, இரண்டு ஆட்டத்துக் கொப்பியையும் கொண்டுவரச் சொன்னார். லேஞ்சியை எடுத்து மேசையைத் துடைத்தார். காலையில் ஏற்கெனவே துடைத்திருந்தார்.

என் குறிப்புகளின் மேல் அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் என்ன சொன்னேன் என்று கேட்டார். கடற்கரைப் பேச்சு முழுதும் இறங்கி முடிந்தது. வட்டமும் இல்லை, புள்ளடியும் இல்லை, கோடும் இல்லை. பிறகு மூலத்தில் இல்லை என்ற வரியில் அடிமட்டத்தை நிறுத்தி, கலாநிதி வாசித்த சிங்களப் பிரதியை யார் மொழிபெயர்த்தது என்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். எழும்பி அலுமாரியைத் திறந்து பழைய கடிதங்கள் கட்டிய ஒரு கோவையை எடுத்தார்.

அதை மொழிபெயர்த்தது அவரேதான். சில வருடத்துக்கு முன்னர், நான் கொஞ்சக் காலம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தபோது. அண்ணாவியாரின் கொப்பியை யாரோ வாங்கிப் போட்டோப்பிரதி எடுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோவையில் அந்தப் பிரதி இருந்தது. அரசியைக் கடலில் விடும் காட்சி அறுபதாம் பக்கத்தில் முடிந்தது. அடுத்த தாள் எழுபத்தைந்தாம் பக்கம். அதில் ராசா வந்து நின்றார். அந்த இடத்தில் ஜவ்பர் சேர் தன் மொழிபெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் எழுதியிருந்தார்: 61 முதல் 74 வரையான பக்கங்கள் கிடைக்கவில்லை, கேட்டு எழுதப்பட்டது, பதில் இல்லை.

உலக நாடகத்தில் அரிதான ஆழ்ந்த மௌனம் என்பது போட்டோப்பிரதி எடுத்தவர் விட்ட பதினான்கு பக்கம்.

நான் சிரித்துவிட்டேன். ஜவ்பர் சேர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பிரதிக்கு உறுதி ஒப்பமும் வைத்து, முறைப்பாட்டுக்குப் பதில் எழுதினார். நாலு வரி. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, தொனி பேச்சாளருடையது, மூலம் பற்றிய குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். நான் எழும்பப் பார்த்தேன்.

"இருங்க. வண்ணாத்திவில்லுக் கொப்பி இன்னும் முடியல்ல."

அடிமட்டம் இறங்கியது. சட்டி, வலை, தகுதி இல்லை, அழுக்கு. தமிழில் என்ன சொன்னீர்கள் என்றார். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையைச் சொன்னேன். நாலு கோடு போட்டார். பிறகு ஒரு வெற்றுத்தாளை எடுத்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"சேர், அந்த நாளப் பத்தி ஒருத்தரும் முறைப்பாடு செய்யல்லயே," என்றேன்.

"நான் செய்றேன்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சேவைக்காலத்தில் என் கோவையில் ஏறிய ஒரே எச்சரிக்கை அது. அன்று பஸ் நிறுத்தம்வரை அழுதுகொண்டு போனேன். அது நியாயம் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் அழுகைக்குக் காரணம். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலும் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது: பேசுகிறவர் பிழை விட்டால் அந்தப் பிழையை முழுதாகக் கொண்டுபோய் உரியவர்களிடம் ஒப்படையுங்கள். அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆட்டம் கனமூலையில் நடந்தது. கலாநிதிக்கு உடல்நலம் இல்லையென்று பேச்சு இரத்தானது. கூத்து நேரத்துக்குத் தொடங்கியது. திட்டத்திலேயே அன்று ஒருநாள்தான் உருப்படியாக நடந்தது. சிபாரிசைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. ஜவ்பர் சேரின் நாலு வரிக்கும் பதில் வரவில்லை. ஆனால் கலாநிதியின் புத்தகம் வந்தது. வாங்கிப் பார்த்தேன். ஆழ்ந்த மௌனத்துக்கு ஓர் அத்தியாயம் முழுதாக இருந்தது.

அடுத்த வருடத் திருநாளுக்கு அந்த ஊர் தன் பாட்டில் கூத்தைப் போட்டது. அண்ணாவியார் ஆள் அனுப்பி அழைத்திருந்தார். நானும் என் கணவரும் போனோம். பேச்சும் இல்லை, பொன்னாடையும் இல்லை. எங்களுக்கு ஒரு பாய் கொடுத்தார்கள்.

தோணி கரை ஒதுங்கியது. மீனவர்கள் ஓடிவந்து அரசியை இழுத்தெடுத்தார்கள். அரசி அரண்மனைத் தமிழில் தன் துயரத்தை நீட்டிப் பாடினாள். மீனவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அப்போது அவர்களுக்குள்ளிருந்து ஒரு பெண் வேடம் முன்னால் வந்தது. தலையில் முக்காடு, தோளில் பை, கையில் கொப்பி. அரசிக்கு இடப்புறம் ஒரு அடி பின்னால் வந்து நின்றது.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டான் ஒரு மீனவன்.

"பயணம் சுகமாம், கடற்காற்று நல்லாப் பிடிச்சிருக்காம்," என்றது அந்த வேடம்.

ஊர் சிரித்த சிரிப்பில் மேடைத் தாளம் நின்றுபோனது. மீனவன் தடியை ஓங்கிக்கொண்டு, அவ சொன்னத அப்பிடியே சொல்லு என்று ஏசினான். அந்த வேடம் கொப்பியைப் பார்த்து, ராசா செய்த அநியாயத்தைக் கடைசிச் சொல்வரை சொன்னது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து அண்ணாவியாரிடம் போனேன். தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த முக்காடு போட்ட பாத்திரம் எப்போது நாடகத்துக்குள் வந்தது என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது மூலத்திலயே இருக்கு, மிஸ். அறுபத்தோராம் பக்கம்."